கேன்டீன் பில்லுக்கும் கணக்கு கேட்ட ஃபார்முலா 1... செலவுக்குக் கடிவாளம் போட்டதால் ரேஸ் டீம்களுக்கு என்ன ஆச்சு?

அரியமங்கலம், திருவெறும்பூர் பக்கம் டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஆடினவங்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். கையில காசு இருக்கிற டீம், ஃபைனலுக்கு மட்டும் வெளியூர்ல இருந்து ரெண்டு அதிரடி பேட்ஸ்மேன்களை இறக்கிடும். கப்பும் அவங்களுக்கு, பரிசுப் பணமும் அவங்களுக்கு. ரெண்டு வருஷம் இப்படியே போனா, மத்த டீம்கள் என்ட்ரி ஃபீஸ் கட்டவே யோசிப்பாங்க. அதனாலதான் பல நோட்டீஸ்கள்ல 'வெளியூர் வீரர்களுக்கு அனுமதி இல்லை'ன்னு கடைசியில ஒரு வரி இருக்கும்.

ஐ.பி.எல் இதையே பெரிய அளவுல பண்ணுது. 2025 சீசனுக்கான மெகா ஏலத்தில் ஒரு அணி வீரர்களுக்குச் செலவு செய்யக்கூடிய தொகை 120 கோடி ரூபாய். சி.எஸ்.கே-வுக்கும் அவ்வளவுதான், பஞ்சாபுக்கும் அவ்வளவுதான்.

உலகத்திலேயே அதிகமா காசைக் கரைக்கிற விளையாட்டுகளில் ஒன்றான ஃபார்முலா 1-ல் இப்படி ஒரு வரம்பு 2021 வரை இல்லவே இல்லை. அந்த வரம்பு தாமதமா வந்ததுக்கும், நம்ம ஊர் ரேஸர்கள் ரெண்டு பேருடைய கரியருக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. அந்தக் கதையோட சேர்த்து, இந்தச் செலவு வரம்பு டீம்களை எப்படி மாத்திச்சுன்னு முழுசாப் பார்த்திடலாம்.

முதல்ல, வரம்பு எவ்வளவு?

2021-க்கு முன்னாடி மெர்சிடிஸ், ஃபெராரி, ரெட் புல் மாதிரியான பெரிய டீம்கள் வருஷத்துக்கு 400 மில்லியன் டாலருக்கு மேல் செலவு செய்வதாகச் சொல்லப்பட்டது. ஒரு டாலரை 85 ரூபாய்னு வச்சுக்கிட்டா, 3,400 கோடி ரூபாய். ரெண்டே ரெண்டு காரை ஓட்டுறதுக்கு! சின்ன டீம்கள் இதில் பாதியைக்கூடத் தொட முடியாம தடுமாறிக்கிட்டு இருந்தாங்க.

உலக மோட்டார் விளையாட்டை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ, 2021-க்கு 175 மில்லியன் டாலர்னு வரம்பை நிர்ணயிச்சது. அதுக்குள்ள கொரோனா வந்து ரேஸ்கள் நின்னு, டீம்களின் வருமானம் படுத்தது. உடனே வரம்பை 145 மில்லியனாகக் குறைச்சாங்க. 2022-ல் 140, 2023-ல் 135 மில்லியன்னு படிப்படியா இறங்கியது. ரேஸ்களின் எண்ணிக்கை கூடினால் கொஞ்சம் கூடுதல் தொகை, பணவீக்கம் ஏறினால் அதுக்கும் கொஞ்சம் என்று சலுகைகள் உண்டு.

2026-ல் விதிகளே புதுசு. வரம்பு இப்போ 215 மில்லியன் டாலர், அதாவது சுமார் 1,830 கோடி ரூபாய். 'என்னங்க, ஏறிடுச்சே?'ன்னு கேட்கலாம். இதுவரை கணக்குக்கு வெளியே இருந்த சில செலவுகளை உள்ளே கொண்டு வந்ததும், பணவீக்கமும்தான் அதுக்கு முக்கியக் காரணம்.

எதெல்லாம் கணக்கில் வராது?

செலவு வரம்புன்னு சொன்னாலே நமக்குத் தேர்தல்தான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. ஆனா கட்சி செய்யும் செலவுக்கு வரம்பு கிடையாது. நட்சத்திரப் பேச்சாளர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினால், அந்தப் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது.

ஃபார்முலா 1-லும் இப்படி ஓட்டைகள், மன்னிக்கணும், விலக்குகள் உண்டு. 2021-ல் வந்த விதிப்படி இதெல்லாம் வரம்புக்கு வெளியே:

• டிரைவர்களின் சம்பளம். ஹாமில்டனுக்கோ வெர்ஸ்டப்பனுக்கோ எத்தனை மில்லியன் கொடுத்தாலும் கேள்வி இல்லை.

• டீமில் அதிகச் சம்பளம் வாங்கும் 3 பேரின் ஊதியம். நட்சத்திர டிசைனர்களுக்கு டீம்கள் இன்னமும் அள்ளிக் கொடுக்க முடிவது இதனால்தான்.

• விளம்பரம், மார்க்கெட்டிங், ரேஸ் நடக்கும் ஊர்களுக்குப் போய்வரும் பயணம்.

• இன்ஜின் தயாரிப்பு. இதுக்குத் தனி வரம்பு 2023-ல் வந்தது, வருஷத்துக்கு 95 மில்லியன் டாலர். 2026-லிருந்து அது 130 மில்லியன்.

அப்போ எதுக்குத்தான் வரம்பு? காரை வடிவமைப்பது, பாகங்கள் செய்வது, சோதிப்பது, ரேஸில் ஓட்டுவது, அதைச் செய்யும் நூற்றுக்கணக்கான ஊழியர்களின் சம்பளம். சுருக்கமா, காரை வேகமாக்கும் செலவுக்குத்தான் வரம்பு.

வராத வரம்பை நம்பி வந்த டீமும் நம்ம ரெண்டு பேரும்

இப்போ 2009-க்குப் போவோம். உலகப் பொருளாதாரம் ஆட்டம் கண்டிருந்த நேரம். 2008 டிசம்பரில் ஹோண்டா ஃபார்முலா 1-ஐ விட்டே கிளம்பியது. 2009-ல் பி.எம்.டபிள்யூ, டொயோட்டா ரெண்டும் அடுத்தடுத்து விலகல் அறிவிப்பு விட்டன.

அப்போ எஃப்.ஐ.ஏ தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லி ஒரு திட்டம் கொண்டு வந்தார். 2010-லிருந்து வருஷத்துக்கு 40 மில்லியன் பவுண்டுக்குள் செலவை அடக்கும் டீம்களுக்குத் தொழில்நுட்பத்தில் கூடுதல் சுதந்திரம். அன்றைய மதிப்பில் 300 கோடி ரூபாய் சொச்சம். இந்தக் காசுக்குள் ஃபார்முலா 1 காரா என்று ஆச்சர்யப்பட்டு, பல புது டீம்கள் விண்ணப்பம் போட்டன.

ஃபெராரி உள்ளிட்ட பெரிய டீம்கள் கொதிச்சுப் போனாங்க. 'நாங்க தனியா வேற ரேஸ் நடத்திக்கிறோம்'னு 2009 ஜூனில் அறிவிச்சே விட்டாங்க. சில நாள்களில் சமரசம் ஆனது. வரம்பு கைவிடப்பட்டது. 'நாங்களே பார்த்துச் செலவைக் குறைச்சுக்கிறோம்'னு டீம்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு போட்டுக்கிட்டாங்க. சில வருஷங்களில் அதுவும் சண்டையில் முடிஞ்சது.

ஆனா, புது டீம்கள் ஏற்கெனவே உள்ளே வந்தாச்சு! 40 மில்லியன் பவுண்டு கணக்குப் போட்டு வந்தவங்க, பல மடங்கு செலவு செய்யும் ராட்சஸர்களோட ஓட வேண்டிய நிலை. அமெரிக்காவின் யு.எஸ்.எஃப் 1 டீம் ஒரு ரேஸ்கூட ஓடாமலே கலைஞ்சு போனது. மிச்சம் மூணு டீம் 2010-ல் களத்துக்கு வந்தது: லோட்டஸ், விர்ஜின், அப்புறம் ஸ்பெயினின் எச்.ஆர்.டி.

இந்த எச்.ஆர்.டி-யில்தான் நம்ம சென்னை கருண் சந்தோக் சேர்ந்தார். 2010 மார்ச், பஹ்ரைன். சீசனின் முதல் ரேஸ். மத்த டீம்கள் எல்லாம் ஏற்கெனவே டெஸ்ட் ஓட்டிட்டு வந்திருந்தாங்க. கருண் சந்தோக்குடைய கார் முதன்முதலா டிராக்கில் ஓடியதே தகுதிச்சுற்றில்தான்! பரீட்சை ஹாலில் உட்கார்ந்த பிறகுதான் புஸ்தகமே கைக்கு வந்த மாதிரி. ரேஸில் இரண்டாவது லேப்பிலேயே அவர் வெளியேற வேண்டி வந்தது. அதையும் தாண்டி, அந்த காரை ஆஸ்திரேலியாவிலும் மொனாக்கோவிலும் 14-வது இடம் வரை கொண்டு வந்தார். 10 ரேஸ் முடிஞ்சதும் அவர் இடம் வேற டிரைவருக்குப் போயிடுச்சு.

அடுத்து வந்தவர், கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர். 2005-ல் ஜோர்டான் டீமுக்காக அமெரிக்காவில் 4-வது இடம் பிடிச்சு, பாயின்ட் எடுத்த முதல் இந்தியரும் அவர்தான் (டயர் பிரச்னையால் 6 கார்கள் மட்டுமே ஓடிய ரேஸ் அது). 2011-ல் எச்.ஆர்.டி-யில் மறுபடி வந்தார். முதல் ரேஸ் ஆஸ்திரேலியா. முதல் தகுதிச்சுற்றின் வேகமான நேரத்தைவிட 107 சதவிகிதத்துக்கு மேல் எடுத்துக்கிட்டா ரேஸுக்கே அனுமதி இல்லைன்னு ஒரு விதி அந்த வருஷம் திரும்ப வந்திருந்தது. எச்.ஆர்.டி-யின் ரெண்டு காரும் அதில் சிக்கி, ரேஸ் ஓடாமலே திரும்பின. 2012 ஆஸ்திரேலியாவிலும் அதே கதை.

ஓட்டத் தெரியாதவரா நரேன்? 2011-ல் நொய்டா அருகே நடந்த முதல் இந்திய கிராண்ட் ப்ரீயில், அதே எச்.ஆர்.டி காரில் டேனியல் ரிக்கார்டோவுக்கு முன்னாடி முடிச்சவர் அவர். பின்னாடி ரெட் புல்லுக்குப் போய் ரேஸ்களை ஜெயிச்ச அதே ரிக்கார்டோதான். கையில் கிடைச்ச கார்தான் பிரச்னை. அந்த காருக்குப் பின்னாடி இருந்த பணம்தான் பிரச்னை.

2012-ன் முடிவில் எச்.ஆர்.டி மூடப்பட்டது. மூணு சீசனில் ஒரு பாயின்ட்கூட இல்லை. லோட்டஸாக வந்து கேட்டர்ஹாமாகப் பேர் மாறிய டீம் 2014-ல் விழுந்தது. விர்ஜினாக வந்து மருசியா, மேனர்னு பேர் மாறிய டீம் 2016 சீசனோட முடிஞ்சது. மூணு டீமும் இத்தனை வருஷத்தில் சேர்ந்து எடுத்த மொத்த பாயின்ட் எவ்வளவு தெரியுமா? மூணு. எச்.ஆர்.டி-யோட நரேனின் ஃபார்முலா 1 பயணமும் முடிஞ்சது. அதுக்கப்புறம் இன்று வரை எந்த இந்தியரும் ஃபார்முலா 1 ரேஸில் ஓட்டவில்லை.

நாலாவது இடம் வந்தும் நடுத்தெருவில்

'அது கடைசி வரிசை டீம், தோத்துப் போச்சு'ன்னு விட்டுடலாம். ஆனா, ஃபோர்ஸ் இந்தியாவை அப்படிச் சொல்ல முடியாது. விஜய் மல்லையா பங்குதாரராக இருந்து 2008-ல் களத்துக்கு வந்த டீம். குறைவான பட்ஜெட்டில் அசத்துறதில் கில்லாடி. 2016, 2017 ரெண்டு வருஷமும் 4-வது இடம். அவங்களுக்கு முன்னாடி இருந்தது மெர்சிடிஸ், ரெட் புல், ஃபெராரி மட்டும்தான்.

செலவைக் கட்டுப்படுத்தணும்னு இந்த டீம் தொடர்ந்து குரல் கொடுத்தது. பரிசுப் பணம் பெரிய டீம்களுக்கே சாதகமா பிரிக்கப்படுதுன்னு 2015-ல் சாபர் டீமோட சேர்ந்து ஐரோப்பிய ஆணையத்தில் புகாரும் கொடுத்தது. பலன் இல்லை. மல்லையாவின் கடன், வழக்குச் சிக்கல்கள் ஒரு பக்கம் இறுக்க, 2018 ஜூலையில் டீம் திவால் நடவடிக்கைக்குப் போனது. சுமார் 400 பேரின் வேலை ஊசலாடியது. கனடா தொழிலதிபர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழு வாங்கியதால் டீம் பிழைச்சது. இன்னைக்கு ஆஸ்டன் மார்ட்டின்னு ஓடுவது அந்த டீம்தான். பேரில் இருந்த இந்தியா மட்டும் போயிடுச்சு.

விளையாட்டில் 4-வது இடம் வந்தாலும் பிழைக்க முடியாதுன்னா, அது டீமின் தவறு மட்டும் இல்லை, விளையாட்டின் அமைப்பிலேயே கோளாறு இருக்குன்னு அர்த்தம். அந்தக் கோளாறு டிராக்கிலும் தெரிஞ்சது. 2013 ஆஸ்திரேலிய ரேஸை லோட்டஸ் காரில் கிமி ராய்க்கோனன் ஜெயிச்சார். அதுக்கப்புறம் 2020 செப்டம்பரில் ஆல்ஃபாடவ்ரியின் பியர் காஸ்லி மான்ஸாவில் ஜெயிக்கும் வரை, ஏழு வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொரு ரேஸையும் ஜெயிச்சது மெர்சிடிஸ், ஃபெராரி, ரெட் புல் மட்டும்தான்.

வரம்பு வந்த பிறகு மாறியது என்ன?

*ஒன்று, டீம்கள் சாகாமல் இருக்கின்றன.* 2021-க்குப் பிறகு ஒரு டீம்கூட திவாலாகவில்லை. அதுக்கு முன்னாடி 10 வருஷத்துல நாலு டீமைப் பார்த்தோமே, அந்த நிலை இல்லை. நெட்ஃப்ளிக்ஸ் சீரிஸ் கொண்டு வந்த புது ரசிகர்கள், புது ஸ்பான்சர்கள், பரிசுப் பணப் பங்கீட்டில் வந்த மாற்றம் எல்லாத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனா, வரவு கூடும்போது செலவும் கூடவே ஓடாமல் பிடிச்சு நிறுத்தியது வரம்புதான்.

*ரெண்டு, டீமின் விலை ஏறியது.* 2020-ல் பாரம்பரியம் மிக்க வில்லியம்ஸ் டீம் முழுசா 152 மில்லியன் யூரோவுக்குக் கைமாறியது. 2023-ல் ஆல்பைன் டீமின் 24 சதவிகிதப் பங்கு மட்டுமே 200 மில்லியன் யூரோவுக்குப் போனது. ஒரு காலத்தில் பணக்காரர்கள் காசைத் தொலைக்கும் இடம், இப்போ முதலீட்டு நிறுவனங்கள் வரிசையில் நிற்கும் இடம். ஆடி உள்ளே வந்ததும், 11-வது டீமாக கேடிலாக் வந்ததும் இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

*மூணு, பின்னாடி இருந்தவங்க முன்னாடி வர முடிகிறது.* மெக்லாரன் இதுக்கு நல்ல உதாரணம். 2020-ல் அந்தக் குழுமம் 1,200 பேரை வேலையை விட்டு அனுப்பி, பஹ்ரைன் வங்கியில் 150 மில்லியன் பவுண்டு கடன் வாங்கித் தப்பிச்சது. 2023 சீசனின் முதல் ரெண்டு ரேஸில் ஒரு பாயின்ட்கூட இல்லை. அதே டீம் 2024-ல், 26 வருஷத்துக்குப் பிறகு டீம் சாம்பியன்! 2025-ல் மறுபடியும் டீம் சாம்பியன். கூடவே லாண்டோ நாரிஸ், வெர்ஸ்டப்பனை 2 பாயின்ட் வித்தியாசத்தில் முந்தி உலக சாம்பியன் ஆனார். இத்தனைக்கும் இன்ஜினை மெர்சிடிஸிடம் விலைக்கு வாங்கும் டீம் அது.

2024 சீசனில் 7 டிரைவர்கள் தலா ரெண்டு ரேஸாவது ஜெயிச்சாங்க. அந்த வருஷம் 4 பாயின்ட்டோட கடைசி இடத்தில் இருந்த சாபர், 2025 சில்வர்ஸ்டோனில் போடியம் ஏறியது. நிகோ ஹுல்கன்பெர்க்குக்கு 239 ரேஸ் காத்திருப்புக்குப் பிறகு கிடைச்ச முதல் போடியம்.

இதெல்லாம் செலவு வரம்பு மட்டும் செஞ்ச மேஜிக் இல்லை. கூடவே இன்னொரு விதியும் இருக்கு. காற்றுச் சுரங்கத்தில் காரை வச்சு சோதிக்கும் நேரம் டீமுக்கு டீம் மாறும். சாம்பியனுக்கு அடிப்படை அளவில் 70 சதவிகிதம், 10-வது டீமுக்கு 115 சதவிகிதம். கடைசி பெஞ்சுக்கு எக்ஸ்ட்ரா கிளாஸ் மாதிரி. இன்னொண்ணையும் மறக்கக் கூடாது. வரம்பு அமலில் இருந்த 2023-ல்தான் ரெட் புல் 22 ரேஸில் 21-ஐ ஜெயிச்சது. ஒரே அளவு பணம் எல்லாரையும் ஒரே மாதிரி புத்திசாலி ஆக்காது.

வலி யாருக்கு?

பெரிய டீம்களின் ஊழியர்களுக்கு முதல் அடி. செலவைப் பாதிக்கும் கீழே இறக்கணும்னா ஆள்களைக் குறைச்சுத்தான் ஆகணும். மெர்சிடிஸ் தன் இன்ஜினீயர்களில் ஒரு பகுதியைப் பாய்மரப் படகுப் போட்டி மாதிரி வேற திட்டங்களுக்கு மாத்திவிட்டது. ரெட் புல், ஃபெராரியிலும் இதே மாதிரி இடமாற்றங்கள் நடந்தன. இருக்கிறவங்களுக்குச் சம்பளம் ஏத்துறதும் சிக்கலாச்சு. சம்பளத்தைக் கூட்டினால், அதே அளவுக்கு காரின் பாகங்களில் கை வைக்கணும். 2022-ல் விலைவாசி எகிறியபோது டீம்கள் புலம்பித் தள்ள, சீசன் நடுவிலேயே வரம்பை 3.1 சதவிகிதம் உயர்த்த வேண்டி வந்தது.

அடுத்தது, விபத்து. இதைப் புரிஞ்சுக்க அரியமங்கலம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையைக் கற்பனை பண்ணுங்க. பெல் நிறுவனத்துக்கான ஜாப் ஒர்க். ரேட் ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு. கடைசல் வேலையில ஒரு பீஸ் ஸ்கிராப் ஆயிட்டா, அந்த இரும்புக்கும் கூலிக்கும் யாரும் தனியா காசு தர மாட்டாங்க. லாபத்தில் இருந்துதான் போகும். ஃபார்முலா 1-லும் இப்போ அதே கதை. உடைஞ்ச முன்இறக்கைக்கு ஆகும் செலவு, அடுத்த மாசம் கொண்டு வரலாம்னு நினைச்சிருந்த புது பாகத்தின் காசைத் தின்னுடும்.

2021 இமோலா ரேஸில் மெர்சிடிஸின் வால்டேரி போட்டாஸும், வில்லியம்ஸின் ஜார்ஜ் ரஸலும் மோதியபோது, இந்த நஷ்டம் தங்கள் மேம்பாட்டுத் திட்டத்தையே பாதிக்கும்னு மெர்சிடிஸ் தலைவர் டோட்டோ வோல்ஃப் கவலைப்பட்டார். அதே வருஷம் சில்வர்ஸ்டோனில் வெர்ஸ்டப்பன் கார் நொறுங்கியதில் 1.8 மில்லியன் டாலர் நஷ்டம்னு ரெட் புல் சொன்னது. முன்பு இதெல்லாம் அவங்களுக்குச் சில்லறை.

மூணாவது வலி கொஞ்சம் வித்தியாசமானது. வரம்பு வர்றதுக்கு முன்னாடியே பெரிய டீம்கள் கோடிகளைக் கொட்டி நவீன சோதனைக்கூடங்களைக் கட்டி முடிச்சுட்டாங்க. சின்ன டீம்கள் இப்போ பணம் வந்து கட்டலாம்னு பார்த்தா, கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் தனி வரம்பு குறுக்கே நிற்கும். வில்லியம்ஸ் டீமின் தலைவர் ஜேம்ஸ் வவுல்ஸ் இதுக்காகப் பல மாசம் வாதாடினார். காரின் சுமார் 20,000 பாகங்களின் கணக்கை அந்த டீம் ஒரு எக்செல் ஷீட்டில் வச்சிருந்ததா அவரே சொன்னபோது உலகமே சிரிச்சது. சிரிப்புக்குப் பின்னாடி இருந்த உண்மை, 20 வருஷப் பின்தங்கல். கடைசியில் பின்வரிசை டீம்களுக்குக் கூடுதல் முதலீட்டு அனுமதி கிடைச்சது. 2025-ல் வில்லியம்ஸ் 5-வது இடத்துக்கு வந்தது.

கேன்டீன் பில்லில் சிக்கிய சாம்பியன்

விதி இருந்தா மீறலும் இருக்கும் இல்லையா? 2021-ல் வெர்ஸ்டப்பன் முதன்முறை உலக சாம்பியன் ஆன அதே வருஷம், ரெட் புல் வரம்பைத் தாண்டியதா எஃப்.ஐ.ஏ 2022 அக்டோபரில் அறிவிச்சது. கூடுதலான தொகை சுமார் 18.6 லட்சம் பவுண்டு, அதாவது 1.6 சதவிகிதம். வரிச் சலுகை ஒன்றைச் சரியாகக் கணக்கில் எடுத்திருந்தால் மீறல் 0.37 சதவிகிதம்தான் இருந்திருக்கும்னும் எஃப்.ஐ.ஏ சொன்னது.

எந்தச் செலவில் தப்பு நடந்தது என்ற பட்டியலில் ஊழியர்களின் சாப்பாட்டுச் செலவும் இருந்தது! சோஷியல் மீடியா சும்மா இருக்குமா? சாண்ட்விச் மீம்ஸ் பறந்தது.

தண்டனை, 7 மில்லியன் டாலர் அபராதமும், காற்றுச் சுரங்கச் சோதனை நேரத்தில் 10 சதவிகிதக் குறைப்பும். ஏறக்குறைய 60 கோடி ரூபாய். பட்டத்துக்கு ஆபத்து இல்லை. 5 சதவிகிதத்துக்குள் மீறினால் 'சிறு மீறல்', அதுக்கு மேல் போனால்தான் பாயின்ட் குறைப்பு கட்டாயம். 'இந்த அபராதத்தைக் கட்டிட்டு கப்பை வாங்கலாமே'ன்னு போட்டி டீம்கள் கொந்தளிச்சாங்க. 'சோதனை நேரம் போனது எங்களுக்குப் பெரிய அடி'ன்னு ரெட் புல் சொன்னது.

அந்த வாதம் இன்னும் முடியலை. இந்த முறையின் பெரிய பலவீனமும் இதில்தான் இருக்கு. டீம்கள் கணக்கை அடுத்த வருஷம் மார்ச்சில்தான் தாக்கல் செய்யும். தணிக்கை முடிஞ்சு முடிவு வரும்போது, அந்தப் பட்டத்துக்கான ஷாம்பெயின் எப்பவோ காலி ஆகியிருக்கும்.

கோயம்புத்தூர் முன்னாடியே கண்டுபிடிச்ச வழி

செலவைக் குறைக்க கணக்குப் புஸ்தகம் மட்டும்தான் வழியா? இல்லை. எல்லாருக்கும் ஒரே காரைக் கொடுத்துட்டா, காசைக் கொட்ட இடமே இருக்காது.

இதை நம்ம ஊரில் செஞ்சு காட்டியவர், கோயம்புத்தூர் எஸ்.கரிவரதன். இறக்குமதி ரேஸ் கார் வாங்குறது கனவாக இருந்த 1980-களின் இறுதியில், மாருதி 800 இன்ஜினை வச்சு ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். அந்த ஃபார்முலா மாருதி கார்களில்தான் நம்ம இளைஞர்கள் ரேஸிங் கத்துக்கிட்டாங்க. அதில் ஒருத்தர் நரேன் கார்த்திகேயன். ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் அவர் தொடங்கியது ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேரைத் தாங்கி நிற்கிறது.

யோசிச்சுப் பாருங்க. செலவைக் குறைச்ச ஒருத்தரால் நரேனுக்கு வாசல் திறந்தது. செலவைக் குறைக்க மறுத்த ஓர் அமைப்பால் அதே நரேனுக்கு வாசல் மூடியது.

அந்த ஒரே கார் முறை இன்னைக்கும் நம்மைச் சுத்தி இருக்கு. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுத்தி நடந்த இரவு ரேஸ் ஞாபகம் இருக்கா? இந்தியன் ரேஸிங் லீகில் எல்லா டீமுக்கும் ஒரே மாடல் கார். ஃபார்முலா 4-லும் அப்படித்தான்.

காலேஜ் பசங்களுக்கு இன்னொரு பாடம் இருக்கு. கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டியில், காரை வேகமா ஓட்டினா மட்டும் போதாது. ஒவ்வொரு போல்ட், நட்டுக்கும் செலவுக் கணக்கு எழுதி நடுவர்கள் முன்னாடி நியாயப்படுத்தணும். மொத்தம் 1,000 மார்க்கில் 100 மார்க் இதுக்கே. துவாக்குடியிலோ சமயபுரத்திலோ இன்ஜினீயரிங் படிச்சுக்கிட்டு, 'ஃபார்முலா 1-ல் வேலை பார்க்கணும்'னு கனவு காண்றவங்களா நீங்க? அப்போ இதைக் குறிச்சுக்கோங்க. இன்னைக்கு அந்த டீம்களுக்கு ஏரோடைனமிக்ஸ் தெரிஞ்சவங்க எவ்வளவு முக்கியமோ, குறைஞ்ச செலவில் ஒரு பாகத்தைச் செய்யத் தெரிஞ்சவங்களும், கணக்கைக் கையாளத் தெரிஞ்சவங்களும் அவ்வளவு முக்கியம்.

அடுத்த ரேஸில் இதையெல்லாம் கவனிங்க

• சீசன் நடுவில் ஒரு டீம் பெரிய அப்டேட் கொண்டு வந்தா, அடுத்த அப்டேட்டுக்கு எத்தனை ரேஸ் ஆகுதுன்னு பாருங்க. பட்ஜெட் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்குன்னு புரியும்.

• ஒரே டீமின் கார் அடுத்தடுத்து மோதினால், சீசனின் பின்பாதியில் அந்த டீமுக்குப் புது பாகம் வருவது குறையுதான்னு கவனிங்க.

• நல்லா ஓடிக்கிட்டிருந்த டீம் திடீர்னு அப்டேட்டை நிறுத்திட்டா, 'கை விட்டுட்டாங்க'ன்னு நினைக்காதீங்க. மிச்சக் காசை அடுத்த வருஷ காருக்குத் திருப்பியிருப்பாங்க.

• ஆண்டின் பிற்பகுதியில் எஃப்.ஐ.ஏ வெளியிடும் கணக்குச் சான்றிதழ் செய்தியைத் தவற விடாதீங்க. போன வருஷ ரேஸின் கடைசி லேப் அதுதான்.

இந்த வரம்பு பூரணமானது இல்லை. ஓட்டைகள் இருக்கு, தண்டனை தாமதமா வருது, ஊழியர்கள் சிரமப்படுறாங்க. ஆனா, பஹ்ரைனில் ஒருநாளும் ஓட்டிப் பார்க்காத காரில் கருண் சந்தோக் உட்கார வேண்டி வந்த மாதிரி ஒரு நிலை இன்னைக்குக் கடைசி இடத்தில் இருக்கும் டீமில்கூட இல்லை. அடுத்து இங்கிருந்து ஒரு பையனோ பொண்ணோ ஃபார்முலா 1 வரைக்கும் போய்ச் சேர்ந்தா, அவங்களுக்குக் கிடைக்கிற சீட் ஜெயிக்கிற சீட்டா இருக்குமான்னு சொல்ல முடியாது. சீசன் முடியும்போது அந்த டீம் இருக்குமான்னு மட்டும் அவங்க பயப்பட வேண்டியிருக்காது. நரேனுக்கும் கருணுக்கும் அந்த நிம்மதி கிடைக்கலை.